வாசலோர இடம்

1

இந்தக் கதை ஒரு பொய்யிலிருந்து பிறந்தது. பொய் சொன்னவள் நான்.

சிவகாசியிலிருந்து விருதுநகர் போகும் பஸ். பகல் பதினொன்றரை மணி இருக்கும். ஜன்னலோரம் நான், பக்கத்தில் நல்ல பருமனான ஒரு பெண். உட்கார்ந்ததும் "இடிக்குதாக்கா?" என்று கேட்டுவிட்டு, முடிந்த மட்டும் தன்னைச் சுருக்கிக்கொண்டாள். திருத்தங்கல் வருவதற்குள் தூங்கிப்போனாள். தலை என் தோளில் சாய்ந்தது. குறட்டை கிளம்பியது. முன் சீட்டில் இருந்த இருவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள்.

பிறகு குறட்டை நின்றது. நிம்மதி என்று நினைத்தேன். கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது, குறட்டையோடு மூச்சும் நின்றிருக்கிறது. தோளில் அசைவே இல்லை. ஏனோ எண்ண ஆரம்பித்தேன். பதினேழு வரை எண்ணினேன். அப்புறம் கிணற்றில் மூழ்கினவள் தண்ணீருக்கு மேலே வந்ததுபோல ஒரு பெரிய இழுப்பு. மறுபடி குறட்டை. மறுபடி நிறுத்தம். மூன்றாவது தடவை அவளே திடுக்கிட்டு விழித்துக்கொண்டாள். வாயைத் துடைத்தாள். குரலைத் தாழ்த்தி, "யக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? நான் தூங்கயில மூச்சு நின்னுச்சா?" என்றாள்.

நான் சொன்னேன்: "இல்லம்மா. அசதியில தூங்குறீங்க, அவ்வளவுதான்."

ஏன் அப்படிச் சொன்னேன்? சுற்றி ஆட்கள் இருந்தார்கள். அவள் முகத்தில் ஏற்கெனவே வெட்கம் இருந்தது. அதோடு, முப்பது வருஷமாகக் குடும்பக் கதை எழுதுகிறவள் நான். கேட்கிறவர் மனது எதைக் கேட்டால் குளிருமோ அது என் வாயில் தானாக வந்துவிடும்.

அவள் முகம் மலர்ந்தது. வீட்டுக்காரர் பயமுறுத்திக்கொண்டே இருக்கிறார், அதைக் காட்டத்தான் விருதுநகருக்கு டாக்டரிடம் போகிறேன் என்றாள். ஆமத்தூர் வந்ததும் பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். ஒன்றுமில்லாததற்கு எதற்கு ஒரு நாள் வேலையைக் கெடுப்பது, இப்படியே திரும்புகிறேன் என்றாள். என்ன வேலை என்று மரியாதைக்குக் கேட்டேன். படியில் இறங்கிக்கொண்டே, "பட்டாசு ஆபீசுதான்க்கா.* மருந்து செலுத்துறேன்" என்றாள்.

பஸ் நகர்ந்தது. அவள் ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்துக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை.

அன்றிலிருந்து பேப்பர் வந்ததும் மாவட்டப் பக்கத்தைத்தான் முதலில் பிரிக்கிறேன். அவள் பெயர் எனக்குத் தெரியாது. அதனால் எந்தப் பெயரைப் பார்த்தாலும் பயமாக இருக்கிறது.

(* எங்கள் பக்கத்தில் பட்டாசுத் தொழிற்சாலையையும் தீப்பெட்டித் தொழிற்சாலையையும் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். நாற்காலியும் மின்விசிறியும் நினைவுக்கு வரவேண்டாம். ஆட்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். மருந்து செலுத்துவது என்றால் குழலுக்குள் வெடிமருந்தை அடைப்பது.)

2

கதாநாயகிக்கு மாரிசெல்வி என்று பெயர் வைத்தேன். பிறகு நான்கு தொடக்கங்கள் எழுதினேன்.

முதல் தொடக்கம்: மாரிசெல்வி ஏறியதும் கம்பெனி வேன் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. டிரைவர் திரும்பிப் பார்த்து —

எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது. உடனே முன் சீட்டில் திரும்பிப் பார்த்த அந்த இரண்டு முகங்களும் நினைவுக்கு வந்தன. மூன்றாவதாக நானும் திரும்பிவிட்டேன் என்று தோன்றியது. அடித்துவிட்டேன்.

இரண்டாவது: கொஞ்சம் பருமன்தான் என்றாலும் மாரிசெல்வியின் கண்களில் —

என் நாவல்களில் இதுவரை முப்பத்தொரு கதாநாயகிகள். அத்தனை பேருக்கும் இடை ஒரு பிடிதான். இப்போது முதல் தடவையாகப் பருமனான ஒருத்தி வரும்போது, கண்ணைக் காட்டி மன்னிப்புக் கேட்கிறேன். அடித்துவிட்டேன்.

மூன்றாவது: உடல் பருமன் என்பது அளவுக்கு மீறிக் கொழுப்பு சேர்ந்து ஆரோக்கியம் கெடும் நிலை. எடையை உயரத்தோடு வைத்துப் பார்க்கும் அந்தக் கணக்கில் நம் உடல்வாகுக்கு இருபத்தைந்தைத் தாண்டினாலே —

ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டும் தாள் மாதிரி இருக்கிறது. ஆனால் இதில் பொய் இல்லை. அதனால் அடிக்காமல் விட்டுவைக்கிறேன்.

நான்காவது நின்றது. இதுதான்:

மாரிசெல்விக்கு வயது நாற்பத்தொன்று. எடை நூற்று நான்கு கிலோ. தாயில்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசு ஆபீசில் மருந்து ரூமில் வேலை. அந்த ரூமில் வாசலோர இடம் அவளுடையது. அவள் மேல் வைத்த பிரியத்தால் எல்லாரும் சேர்ந்து கொடுத்த இடம் அது.

3

கல்யாணத்தன்று அவள் ஐம்பத்திரண்டு கிலோ. பிறகு எப்படி இரண்டு மடங்கானாள்?

எனக்கு ஒரு காரணம் போதும். கதைக்கு ஒரு வில்லன்தான் வசதி. டாக்டர் யோகேஸ்வரியிடம் கேட்டேன். (இவரும் கதையில் வருகிறவர்தான். ஆனாலும் எழுதும்போது சந்தேகம் வந்தால் இவரிடம்தான் கேட்கிறேன்.) அவர் சிரித்தார். "உங்க கதையில வில்லன் ஒருத்தன். இதுல ஒரு கூட்டமே இருக்கும்மா. பாதிப் பேரு நல்லவங்க மாதிரி வருவாங்க" என்றார்.

சரி, கூட்டத்தைக் கூப்பிடுகிறேன்.

மாரிசெல்வியின் அம்மாவும் சித்திகளும் பருமன். அது பிறவியிலேயே வந்த பங்கு. இரண்டு பிரசவத்திலும் ஏறிய எடை இறங்கவில்லை. இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு தைராய்டு குறைந்தது. அது யாருக்கும் தெரியாது, யாரும் பார்க்கவுமில்லை. வேலை பீஸ் கணக்கு. எத்தனை பூச்சட்டிக்கு, அதாவது புஸ்வாணத்துக்கு, மருந்து செலுத்துகிறாயோ அத்தனைக்குக் கூலி. எழுந்தால் நஷ்டம். எழாமல் இருக்கத் தண்ணீர் குடிப்பதில்லை. காலை ஏழு மணிக்குக் காலை நீட்டி உட்கார்ந்தால் வேன் வரும்வரை அதே இடம். மூட்டு வலி வந்தது. தெரு முக்கு மெடிக்கலில் பெயர் எழுதாத கவரில் மூன்று மாத்திரை கொடுத்தார்கள். வலி மாயமாகப் போயிற்று. மாத்திரை நிற்கவில்லை. அது உடம்பை ஊத வைக்கிற ஸ்டீராய்டு என்பதும், திடீரென்று தானாக நிறுத்தவும் கூடாது என்பதும் பிற்பாடுதான் தெரிந்தது.

அப்புறம் வெல்லம். மருந்து ரூமில் ஒரு வழக்கம். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு ஆளுக்கொரு அச்சு வெல்லமும் ஒரு வாழைப்பழமும். மூக்கிலும் வாயிலும் போன அலுமினிய வெள்ளிப்பொடி அதில் கரைந்து இறங்கிவிடும் என்று நம்பிக்கை. மாரிசெல்வி ஒரு அச்சோடு நிறுத்துவதில்லை. கூட நாலு மணிநேரம் பார்த்த நாளில் கூட ஒரு அச்சு. பதினைந்து வருஷம். இதைச் சொன்னதும் டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "வெல்லம் வயித்துக்குப் போகும். தூசி நெஞ்சுக்குப் போகும். ரெண்டும் சந்திச்சுக்கவே போறதில்ல" என்றார்.

கூட்டத்தில் கடைசி ஆள் பாண்டிராஜ். மாரிசெல்வியின் கணவன். லோடு வேன் ஓட்டுகிறவன். விருதுநகருக்கு லோடு போனால் எண்ணெய் பரோட்டா பார்சல் இல்லாமல் திரும்ப மாட்டான். இலையைப் பிரித்து, சால்னாவை ஊற்றி, பிய்த்துப் போட்டு, "நீ தின்னு. நான் பாக்கேன்" என்பான். இந்தக் காட்சியை ஒரு பக்கத்துக்கு எழுதினேன். என் வாசகிகளுக்குப் பிடிக்கிற காட்சி, எனக்கும் பிடித்தது. எழுதிவிட்டுக் கை நின்றுவிட்டது. டாக்டர் சொன்ன நல்லவர்களில் இவனும் ஒருத்தன். அந்தப் பக்கத்தைக் கிழிக்கவில்லை, கதையில் சேர்க்கவுமில்லை. பாண்டிராஜ் நல்லவன். அது மாறவில்லை.

4

மருந்து ரூம் சின்னது. பத்துக்குப் பத்துதான் இருக்கும். எதிரெதிரே இரண்டு வாசல். சுவரில் ‘ஆட்கள் 4’ என்று பெயின்ட்டில் எழுதியிருக்கும். அதற்கு மேல் உட்காரக் கூடாது, இப்போது இருப்பது மூன்று பேர். எதற்கு இரண்டு வாசல் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுவார்கள்: கத்துகிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஓட வேண்டும், திரும்பிப் பார்க்கக் கூடாது.

சீசனில் ஒரு வாசல் குறைந்துவிடும். அட்டைப்பெட்டிகளுக்கு வேறு இடம் இல்லாமல் பின்வாசலில் அடுக்கிவிடுவார்கள். இன்றைக்கு எடுத்துவிடுவோம், நாளைக்கு எடுத்துவிடுவோம் என்று தீபாவளி வந்துவிடும்.

மிச்சமிருக்கும் முன்வாசலோரம் மாரிசெல்வி. வயிற்றுப்பிள்ளைக்காரி, மூட்டு வலிக்காரி, பருமனானவள், யாரால் வேகமாக எழ முடியாதோ அவருக்கு வாசலோர இடம். சட்டத்தில் இல்லை, அவர்களாக வைத்துக்கொண்டது. அவளுக்குப் பின்னால் பானுப்பிரியா. ஒல்லி, இருபத்தேழு வயது, வாய் நீளம். மூலையில் அழகுமீனா, ஐம்பதைத் தாண்டியவள், காது மந்தம், தொட்டுச் சொன்னால்தான் திரும்புவாள்.

பானுப்பிரியா சொல்வாள், "வாற காத்தப் பூராம் மதினியே வாங்கிக்கிட்டா, நாங்க எங்கன போக?"

"ஒனக்கு எதுக்குடி காத்து? பறந்துருவ" என்பாள் மாரிசெல்வி.

இரண்டு வருஷமாக இன்னொரு கேலியும் உண்டு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாரிசெல்வியின் தலை ஆடும். கையில் பூச்சட்டிக் குழல், மடியில் மருந்துத் தட்டு, கண் மூடியிருக்கும். பானுப்பிரியா காலால் லேசாக இடித்து, "மதினிக்குச் சாமி வந்துருச்சு. குறி கேக்கதுன்னா கேட்டுக்கோங்க" என்பாள். மாரிசெல்வி விழித்து, தானும் சிரித்துவிட்டு வேலையைத் தொடர்வாள். வயிறு நிறைந்தால் தூக்கம் வரத்தானே செய்யும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவளும்.

தட்டில் இருப்பது என்ன என்று எனக்குத் தெரியும். சிரிக்கிறவர்களுக்கும் தெரியும்.

5

அந்த நாள் ஒரு வெள்ளிக்கிழமை. ஆடிக்காற்று. மதியம் இரண்டு மணி தாண்டியிருந்தது.

வெளியே களத்தில் காய்ந்துகொண்டிருந்த திரிக்கட்டு ஒன்று பற்றிக்கொண்டது. எப்படிப் பற்றியது என்பதற்குள் நான் போகவில்லை. போர்மேன் பிரபாகரன் விசிலை ஊதி, ஓடச் சொல்லிக் கத்தினார்.

பானுப்பிரியா தட்டைத் தரையில் வைத்துவிட்டு, பின்னால் திரும்பி அழகுமீனாவின் தோளைத் தட்டிவிட்டுப் பாய்ந்தாள். வாசலில் மாரிசெல்வியின் கால்கள் குறுக்கே நீண்டிருந்தன. மாரிசெல்வி தூங்கிக்கொண்டிருந்தாள்.

பானுப்பிரியா தாண்டினாள். கால் சேலையில் சிக்கியது. வாசற்படியில், பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே என்று விழுந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த அழகுமீனாவுக்குப் போக இடமில்லை. அவள் அட்டைப்பெட்டிகளைப் பார்த்துத் திரும்பினாள். மறுபடி வாசலுக்குத் திரும்பினாள்.

பானுப்பிரியா தன் தொடைமேல் விழுந்த கனத்தில் மாரிசெல்வி விழித்தாள். முதலில் ஒன்றும் புரியவில்லை. புகை வாசம். எழ வேண்டும். கையை ஊன்றினாள், முழங்கால் மடங்க மறுத்தது. வாசல் நிலையைப் பிடித்து இழுத்தாள், கை வழுக்கியது. மூன்றாவது தடவை எழுந்து வெளியே வந்து பார்த்தால், களத்தில் ஆட்கள் மணலைக் கொட்டி முடித்திருந்தார்கள்.

அவ்வளவுதான். ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. கால் மணி நேரத்தில் வேலை மறுபடி ஆரம்பித்தது.

(அவள் எழுந்திருக்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும் என்று தெரிந்துகொள்ள, என் வீட்டு வாசலில் தரையில் உட்கார்ந்து எழுந்து பார்த்தேன். எனக்கு நான்கு நொடி. அவளுக்கு என்று ஒரு எண்ணை எழுதினேன். பிறகு அழித்தேன். அந்த எண்ணைத் தெரிந்துகொண்டு இந்தக் கதையை எழுத என்னால் முடியாது.)

அன்று சாயங்காலம் பானுப்பிரியா கேலி எதுவும் செய்யவில்லை. குழாயடியில் கை கழுவும்போது பக்கத்தில் வந்து நின்றாள்.

"மதினி, கோவிச்சுக்கிடாதீக."

"என்னடி?"

"நான் வெளிய வரணும்னா உங்களத் தாண்டித்தான் வரணும்." குழாயை மூடினாள். "எம்பிள்ளைக்கு ரெண்டு வயசு. பால்வாடியில விட்டுட்டு வாரேன்."

மாரிசெல்வி அன்று வெல்லத்தைத் தொடவில்லை. வேனில் உட்கார்ந்தவளுக்கு ஊர் வரும்வரை தூக்கம் வரவில்லை. இரண்டு வருஷத்தில் வேனில் அவள் தூங்காமல் வந்தது அன்றுதான்.

6

பாண்டிராஜுக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

இங்கே நான் ஒரு மாற்றம் செய்கிறேன். பஸ்ஸில் வந்தவளின் கணவர் வாய்விட்டுச் சொன்னவர். பாண்டிராஜ் சொல்லாதவன். சொல்லாத அன்பை எழுதித்தான் நான் பழகியிருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை அது எனக்கு அழகாகத் தெரியவில்லை.

தூக்கத்தில் அவள் மூச்சு நிற்பது அவனுக்கு இரண்டு வருஷமாகத் தெரியும். நிற்கும்போதெல்லாம் தோளைப் பிடித்து ஒருக்களித்துவிடுவான். மூச்சு வந்ததும் கண்ணை மூடுவான். சொன்னால் பயந்துவிடுவாள் என்று மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டான். வெள்ளிக்கிழமை நடந்ததை அவள் சொன்னதும்தான் அவன் சொன்னான்.

"ரெண்டு வருசமா முளிச்சுக் கெடந்தீகளா?"

"நீ பயந்துருவன்னு…"

"நான் பயந்திருக்கணும்ல" என்றாள். "எங்கையில மருந்து இருக்குல்ல."

மறுநாள் சனிக்கிழமை லீவு சொல்லிவிட்டு இருவரும் விருதுநகர் போனார்கள். அவர்கள் ஆமத்தூரில் இறங்கவில்லை. அதை நான் உறுதியாகப் பார்த்துக்கொண்டேன்.

டாக்டர் யோகேஸ்வரி கழுத்தை அளந்தார், ரத்த அழுத்தம் பார்த்தார், ரத்தம் எடுக்கச் சொன்னார். அழுத்தம் நூற்றறுபதுக்கு நூறு. சர்க்கரை எல்லையைத் தாண்டியிருந்தது. ஈரலில் கொழுப்பு இருக்கலாம், ஸ்கேன் பார்ப்போம் என்றார். இப்படியே விட்டால் இதயத்துக்கும் மூளைக்கும் என்னென்ன வரும் என்பதை ஒளிக்காமல் சொன்னார். பிறகு தூக்கத்தைப் பற்றிச் சொன்னார். கழுத்தைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு தூங்கும்போது மூச்சுப் பாதையை அமுக்குகிறது. மூச்சு நிற்கிறது. மூளை பதறி எழுப்புகிறது. ராத்திரி முழுக்க இப்படி நூறு தடவை. அவள் எட்டு மணி நேரம் படுத்திருக்கிறாள், தூங்குவதே இல்லை. அந்தத் தூக்கம்தான் பகலில் வந்து தலையை ஆட்டுகிறது.

"அப்ப சோம்பேறித்தனம் இல்லையா?" என்று கேட்டாள் மாரிசெல்வி.

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான். நானுந்தான்."

வழி இருக்கிறது என்றார் டாக்டர். மதுரையில் ஒரு ராத்திரி படுக்க வைத்துத் தூக்கப் பரிசோதனை. தேவைப்பட்டால் மூக்கில் மாட்டிக்கொண்டு தூங்குகிற காற்று மெஷின். தைராய்டுக்கு மாத்திரை. மெடிக்கல் மாத்திரையை இவர் மேற்பார்வையில் படிப்படியாகக் குறைப்பது. வெல்லமும் வெறும் சோற்றுக் குவியலும் குறைந்து, பயறும் முட்டையும் காய்கறியும் கூடுவது. மெதுவாக ஆரம்பிக்கிற நடை. பத்தில் ஒரு பங்கு எடை இறங்கினாலே மூச்சு லேசாகும். இதற்கென்று மருந்துகள் உண்டு. அறுவைச் சிகிச்சை உண்டு. அது பற்றிப் பிறகு பேசலாம். மாதக்கணக்கில் ஆகும், ஆனால் ஆகும்.

பாண்டிராஜ் தலையைக் குனிந்துகொண்டு, பரோட்டாவைப் பற்றிக் கேட்டான். மாதத்துக்கு ஒன்று, அதையும் இரண்டு பேரும் பங்கு வைத்துச் சாப்பிடுங்கள் என்றார் டாக்டர்.

கடைசியாக ஒரு தாளில் எழுதி, மடித்து, மாரிசெல்வி கையில் கொடுத்தார். "தூக்கம் சரியாகுற வரைக்கும் மருந்து ரூமுக்குள்ள போகக் கூடாது. இத உங்க போர்மேன்கிட்ட குடுங்க. திங்கக்கிழம காலையிலேயே குடுங்க."

ஊருக்குத் திரும்புகிற வழியில் அவள் அந்தத் தாளை மூன்று தடவை பிரித்துப் படித்தாள். போன வருஷம் இதே ஆபீசில் ஒருத்திக்கு வலிப்பு வந்தது. நல்ல விதமாகத்தான் வீட்டுக்கு அனுப்பினார்கள். பிறகு சுற்று வட்டாரத்தில் எந்த ஆபீசும் அவளைக் கூப்பிடவில்லை. வேனுக்கு வேன் செய்தி போய்விட்டது. பேக்கிங்கில் இடம் கேட்டால் ஆள் நிறைந்துவிட்டது என்பார்கள். அதைவிடப் பெரியது ஒன்று இருந்தது. இந்தத் தாளைக் கொடுப்பதும், இரண்டு வருஷமாக மடியில் மருந்தோடு உங்கள் பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தேன் என்று பானுப்பிரியாவிடம் சொல்வதும் ஒன்றுதான்.

7

முடிவுகள்.

(அ) பாண்டிராஜ் தினமும் விடியலில் அவளை வெம்பக்கோட்டை அணைக்கரைக்கு நடக்கக் கூட்டிப்போகிறான். முதல் நாள் ஒரு மின்கம்பம் தூரம். மறுநாள் இரண்டு. எட்டு மாதத்தில் பதினெட்டு கிலோ குறைகிறது. காற்று மெஷினின் மெல்லிய இரைச்சலில் இருவரும் நிம்மதியாகத் தூங்குகிறார்கள். கல்யாணச் சேலை —

இரண்டு பக்கம் எழுதினேன். இது நடக்காதது இல்லை. டாக்டரும் நடக்கும் என்றுதான் சொன்னார். ஆனால் இது எட்டு மாதம் கழித்து. அவள் நாளை மறுநாள் வேன் ஏற வேண்டும். எட்டு மாதத்துக்குத் தாவிப் போகிறவள் நான்தான். அவளால் தாவ முடியாது.

(ஆ) திங்கட்கிழமை பகல் இரண்டேகால் மணிக்கு, தாயில்பட்டி அருகே —

இல்லை. இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியும். எங்கள் மாவட்டத்தில் எல்லாருக்கும் தெரியும். பெயர், வயது, பெயர், வயது. நான் முடிக்க மாட்டேன்.

(இ) அவள் தாளைக் கொடுக்கிறாள். பிரபாகரன் படித்துவிட்டு, பேக்கிங்கில் இடம் போட்டுக்கொடுக்கிறார். பின்வாசல் பெட்டிகளையும் அன்றே எடுக்கச் சொல்கிறார்.

இதை நம்பத்தான் ஆசை. மனிதர் கெட்டவர் இல்லை. ஆனால் ஆர்டர் குவிந்துகிடக்கிற சீசன் அவர் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பாதி நம்பிக்கையோடு ஒரு முடிவை உங்கள் கையில் கொடுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

மூன்றையும் ஒதுக்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் எதுவும் எழுதவில்லை. அதற்குள் மாரிசெல்வி ஒரு முடிவு எடுத்துவிட்டாள். இது என் யோசனை இல்லை.

8

திங்கட்கிழமை காலை ஆறே முக்காலுக்கே மாரிசெல்வி மருந்து ரூமில் இருந்தாள். தாள் ரவிக்கைக்குள். மற்றவர்கள் வந்து பார்த்தபோது வாசலோர இடம் காலியாக இருந்தது. அவள் உள்ளே, மூலையில், அட்டைப்பெட்டிகளில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தாள்.

அழகுமீனா தன் இடம் போனதே என்று பார்த்தாள். மாரிசெல்வி கையால் காட்டினாள்: நீங்க நடுவுல. பானு, நீ வாசல்ல.

பானுப்பிரியாவுக்கு முதலில் விளங்கவில்லை. வாசலைப் பார்த்தாள். மூலையைப் பார்த்தாள். இடையில் எத்தனை அடி என்று அவள் கண் அளந்ததை நான் பார்த்தேன்.

"மதினி, எந்திரிங்க. இது வேணாம்."

"நீ உக்காரு. இனி யாரையும் தாண்ட வேண்டாம்ல."

"அப்ப நீங்க?"

"எனக்கென்ன. நான் மெதுவா வாரேன்."

பானுப்பிரியா உட்காரவில்லை. வாசலில் நின்றபடியே கண்ணைத் துடைத்தாள். நான் பேனாவை வைத்துவிட்டேன். இப்படி ஒரு தீர்வை அவளுக்கு நான் யோசிக்கவே இல்லை. மற்றவர்களுக்கு வழி விட்டுவிட்டு, மூன்று தடவை முயன்று எழுகிற உடம்பைக் கொண்டுபோய், வாசல் இல்லாத மூலையில் வைத்துவிட்டாள். தூங்கினால் மடியிலிருந்து தட்டு நழுவித் தீப்பற்றலாம் என்பதற்கு இது பதில் இல்லை. அதுவும் அவளுக்குத் தெரியும். தாளைக் கொடுக்கும் தைரியம் வராதவளுக்கு எவ்வளவு பெரிய தைரியம் வந்திருக்கிறது பாருங்கள்.

பிரபாகரன் ஆள் கணக்கு எடுக்க வந்தார். வாசலில் நிற்கிற பானுப்பிரியாவைப் பார்த்தார். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன, எல்லாரும் இடம் மாறி இருக்கீக?"

அழகுமீனாவுக்குக் கேட்கவில்லை. பானுப்பிரியாவுக்குக் கேட்டது, அவள் மாரிசெல்வியைப் பார்த்தாள். சொல்ல அவளுக்கும் வாய் இருக்கிறது. ஆனால் அவள் சொன்னால் அது கோள். மாரிசெல்வி சொன்னால் அது வேறு.

மாரிசெல்வியின் கை ரவிக்கைப் பக்கம் போனது.

"அண்ணே, நான் வந்து…"

இதற்கு மேல் நான் எழுதவில்லை. எழுத முடியாமல் இல்லை. வாய்க்கு வந்த ஆறுதலை எடுத்து நீட்டுகிற என் கையை நான் இப்போது நம்பவில்லை. இந்த வாக்கியத்தை நீங்கள் முடியுங்கள். மனதுக்குள் வேண்டாம், வாய்விட்டுச் சொல்லி முடியுங்கள், அவள் குரலில். சொல்லும்போது உங்களுக்கு எந்த இடத்தில் நாக்குத் தடுக்குகிறதோ அந்த இடத்தில்தான் அவள் நிற்கிறாள்.

ரொம்ப நேரம் எடுத்துக்கொள்ளாதீர்கள். மணி ஏழு. கலவை ரூமிலிருந்து அன்றைக்கான முதல் தட்டை எடுத்துக்கொண்டு யாரோ நடந்து வருகிறார்கள். செருப்பில்லாத கால், சத்தம் அவ்வளவாகக் கேட்காது.